பிடி அரிசிக்குப் பதில் பிடி மண்

வெள்ளைத் துணி விரித்த மேசை. நடுவில் வேதாகமம். அதைச் சுற்றி ஏழே ஏழு பொட்டலம் மண்.

வந்திருந்த பெண்களோ இருபத்து மூன்று பேர். மண் வைக்காத பதினாறு பேரும் பாயில் உட்கார்ந்து, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, மேசையைப் பார்க்காமல் ஜன்னல் வழியாகப் பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்வராயன் மலையில் நாலு மணிக்கே குளிர் இறங்கிவிடும். அடுப்படியிலிருந்து சுக்குக் காபி வாசனை வந்துகொண்டிருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முகாமுக்கு நோட்டீஸ் எழுதியது நான். அதை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பியதும் நான்.

"நோட்டீஸ்ல தெளிவா போட்டிருந்தேனே. யாருமே படிக்கலியா?" என்றேன்.

ராஜாத்திதான் வாயைத் திறந்தார். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக்காரர். நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று எந்த வேலை கிடைத்தாலும் போகிறவர். எங்கள் முகாமுக்கு வருடம் தவறாமல் வருவார். டைப் அடிக்கிற என்னை டைப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"படிச்சோங்க டைப்பக்கா. படிச்சதாலதான் வெக்கல. உங்க நெலத்துலேர்ந்து ஒரு பிடி மண்ணுன்னு போட்டிருந்தீங்க. எங்களுக்கு ஏதுங்க நெலம்?"

நான் போனை எடுத்து என் நோட்டீசை மறுபடி படித்தேன்.

அவசரக்காரியின் நோட்டீஸ்

எங்கள் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியே ஒரு டப்பாவில் போட்டுவிடுவோம். டப்பா நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். மலை முகாமிலும் இதே கதைதான். ஆளுக்கு ஒரு பிடி அரிசி, எல்லாம் ஒரே பானையில். ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி, புழுங்கல் எல்லாம் ஒன்றாக வெந்தால் எப்படி இருக்கும்? ஒன்று குழைந்து கூழாகிவிடும், இன்னொன்று விறைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் கஞ்சியைக் கேலி செய்யாத வருடம் கிடையாது, மிச்சம் வைத்த வருடமும் கிடையாது.

முகாம் என்றதும் கண்ணீரும் கம்பலையுமாக ஜெபித்துவிட்டு இறங்குகிற கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இது வேத ஆராய்ச்சி முகாம். மூன்று நாளைக்கு ஒரே ஒரு வேதப்பகுதி. அதில் யார் பேசுகிறார், யார் வாயே திறக்கவில்லை, யாருக்குப் பெயர்கூடக் கொடுக்கவில்லை, அந்த ஆள் நம் ஊரில் இருந்தால் எந்தத் தெருவில் குடியிருப்பார், கூலி எவ்வளவு, யார் வீட்டில் தண்ணீர் கேட்கலாம், யார் வீட்டில் கேட்கக் கூடாது. இப்படித் தோண்டிக்கொண்டே போவோம். நடத்துகிறவர் பாஸ்டர் எபினேசர். கேள்வி கேட்பார், பதில் சொல்ல மாட்டார். முதல் வருடம் எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது.

அந்த வருடத் தலைப்பு நிலம். நோட்டீஸ் எழுத உட்கார்ந்தபோது என் புத்தி எனக்கே பெருமையாக இருந்தது. பிடி அரிசி என்றிருந்ததை அடித்துவிட்டு, "உங்கள் நிலத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டு வரவும்" என்று எழுதினேன். இரண்டு பூ படமும் சேர்த்து அனுப்பினேன்.

படிக்கப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்றாடக் கூலிக்காரர்கள். என் அம்மாவும் கூலிக்குப் போனவள்தான். அவள் மகளான எனக்கு இது தோன்றவில்லை. இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது.

மேசைக்கு வந்த மண்

பாஸ்டர் என்னைக் காப்பாற்ற வருவார் என்று பார்த்தேன். அவர் ராஜாத்தி பக்கம் திரும்பி, "அப்ப உங்களுதுன்னு சொல்லிக்கிற மண்ணு எங்கியுமே இல்லீங்களா?" என்று கேட்டார்.

ராஜாத்தி எழுந்து போய்த் தன் கட்டைப்பையைத் துழாவி, ஒரு பால் கவரை எடுத்து வந்தார். வாயைச் சணலால் கட்டியிருந்தார்.

"இத வேதத்துக்குப் பக்கத்துல வெக்கலாமா கூடாதான்னு தெர்ல. அதான் பையிலியே வெச்சிருந்தேன். எங்க வூட்டுக்காரரப் பொதச்ச எடத்து மண்ணு. ஆறடி. யாரும் எங்கிட்ட சண்டைக்கி வராத நெலம் அது ஒண்ணுதான்."

பாஸ்டர் அதை இரண்டு கையாலும் வாங்கி வேதாகமத்தை ஒட்டி வைத்தார்.

அப்புறம் அந்த ஹாலில் நடந்ததை எழுதும்போது இப்போதும் எனக்குப் பரபரப்பாக இருக்கிறது. பாயில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு பெண் வீட்டில் பெயின்ட் டப்பாவில் ரோஜாச் செடி வளர்க்கிறாள். "இந்த மண்ணு என்னுதுதானுங்களே" என்று, அதில் கிள்ளி முந்தானையில் முடிந்து வந்ததை அவிழ்த்து வைத்தாள். ஒருத்தி வாசலில் விட்டிருந்த செருப்பை எடுத்து வந்து, "ஆண்டை நெலத்துல மண்ணெடுத்தா திருட்டு. இது தானா ஒட்டிக்கினு வந்தது" என்று அடியில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினாள். எல்லாரும் சிரித்தோம். சிரித்த வேகத்தில் எனக்குக் கண் கலங்கியது.

கடைசியாக ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா மேசைக்கு வந்தது. கொண்டு வந்தவள் முகாமுக்குப் புதியவள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மூங்கில்துறைப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள், புருஷன் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். பெயர் ஸ்டெல்லா.

"நான் திருடிக்கினுதான் வந்தேங்க" என்றாள். "எங்கப்பா நெலத்து மண்ணு. அண்ணனுங்க பாக்காத நேரத்துல அள்ளிக்கினு வந்தேன்."

"அண்ணனக் கேட்டிருந்தா ஒரு பிடி மண்ணு குடுத்திருக்க மாட்டாரா?" என்றேன், என் வழக்கமான மேதாவித்தனத்தோடு.

"கேட்டங்க்கா. மண்ணு இன்னாத்துக்குன்னாரு. பங்கு கேக்கறதுக்கு அச்சாரமான்னாரு. திங்கக்கெழம பத்திர ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும், அதுவரைக்கும் அந்தப் பக்கமே வராதன்னுட்டாரு."

ஸ்டெல்லா, திங்கட்கிழமை, பத்திர ஆபீஸ் என்று மனசுக்குள் விரல் விட்டு எண்ணினேன். அது ஏன் என்று சொல்ல என் பிழைப்பைச் சொல்ல வேண்டும்.

அன்பினாலும் பிரியத்தினாலும்

போன வாரம் இதே பக்கத்தில் என் முதல் டைப்ரைட்டரைப் பற்றி எழுதியிருந்தேன். அது காயலான் கடைக்குப் போய், இப்போது கம்ப்யூட்டர். நான் வேலை பார்க்கிற டைப்பிங் கடை கள்ளக்குறிச்சியில், பத்திர ஆபீசுக்கு எதிர் வரிசையில். ஊர் மாவட்டத் தலைநகர் ஆன பிறகு நிலத்துக்கு ரெக்கை முளைத்துவிட்டது. எங்களுக்கு டீ குடிக்க நேரமில்லை.

கிரயம், செட்டில்மென்ட், அடமானம் எல்லாம் அடிப்பேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடியது விடுதலைப் பத்திரம். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனால் மகளுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்து மகள் எழுதித் தருவதுதான் அது. "சகோதரர்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, மனப்பூர்வமாக" என்று ஓடும். இந்த வரிகள் என் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும். பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றினால் போதும்.

கையெழுத்துப் போடுகிற அன்று ஒரு பட்டுப்புடவை, வெற்றிலை பாக்கு, ஓட்டலில் சாப்பாடு. எத்தனை அக்கா தங்கைகள் அந்தப் புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் "நல்ல கலரு" என்று சொல்லியிருக்கிறேன். ஐந்து நாள் அங்கே அன்பும் பிரியமும் டைப் அடித்துவிட்டு, விடுமுறைக்கு மலையேறி நீதி நியாயம் பேசுவேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதே எனக்குத் தெரியாது.

முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அடித்த பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர் பெயர் ஸ்டெல்லா. அண்ணன்கள் இரண்டு பேர் வந்து அவசரப்படுத்தி வாங்கிப் போனார்கள். பதிவு திங்கட்கிழமை.

மோசேயாக ராஜாத்தி

மறுநாள் பாஸ்டர் எடுத்த பகுதி வேதத்தின் நாலாம் புத்தகத்தில் இருக்கிறது. மோசே காலத்துக் கதை. செலொப்பியாத் என்று ஒருவர், மகன் இல்லை, ஐந்து மகள்கள். நிலம் பங்கு போடும் நேரம். பெண்களுக்குப் பங்கு கிடையாது. அந்த ஐந்து பேரும் நேராகக் கிளம்பிப் போய், மோசே, குருக்கள், தலைவர்கள், மொத்தச் சபை எல்லாருக்கும் முன்னால் நின்று, எங்கள் அப்பா பங்கை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள்.

எங்கள் முகாமில் கதையை வாசிப்பதோடு விடமாட்டோம், நடித்துப் பார்ப்போம். ராஜாத்தி துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு மோசே ஆனார். மூத்த மகள் மக்லாள் யார் என்றதும் நான்கைந்து கைகள் ஸ்டெல்லாவை முன்னால் தள்ளின.

அவள் நின்றாள். தரையைப் பார்த்தபடி, "எங்கப்பா பங்க எங்களுக்குக் குடுங்க" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

"காது கேக்கல. நாப்பது வருசம் வனாந்தரத்துல மணல் பூந்துட்ச்சி. சத்தமா சொல்லு" என்றார் மோசே.

ஹால் அதிரச் சிரிப்பு. ஸ்டெல்லாவும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு நிமிர்ந்து, "எங்கப்பா பங்கு எங்களுக்கு வேணும்" என்றாள். அந்தக் குரல் வேறு. வெளியே அடுப்படியில் வெங்காயம் உரித்தவர்கூட எட்டிப் பார்த்தார்.

பாஸ்டர் சரியாக அந்த இடத்தில் வேதாகமத்தை மூடிவிட்டார். "மோசே இத கடவுள்ட்ட கொண்டு போறாரு. கடவுள் இன்னா சொல்லியிருப்பாரு?"

பாதிப் பேருக்கு அந்தக் கதையே தெரியாது. அரை மணி நேரம் ஒரே வாக்குவாதம். குடுத்திருப்பாரு, குடுத்திருக்க மாட்டாரு, அவரும் ஆம்பளதானே என்று ஒரு குரல், அவரு ஆம்பளன்னு யாரு சொன்னா என்று இன்னொரு குரல். நான் எழுதிக்கொண்டே வந்தேன், பேனா ஈடுகொடுக்கவில்லை. கடைசியில் பாஸ்டர் திறந்து வாசித்தார். அந்தப் பெண்கள் கேட்டது நியாயம், கொடு என்று கடவுள் சொல்லிவிட்டார். கைதட்டல் அடங்கவே இல்லை.

அடங்கியதும் ஸ்டெல்லா கேட்டாள். "அவங்களுக்கு அண்ணன் தம்பி இல்லீங்க. எனக்கு ரெண்டு பேரு இருக்காங்களே. அப்ப எனக்கு இல்லன்னுதானே அர்த்தம்?"

பாஸ்டர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது. மகன் இல்லாவிட்டால்தான் மகள்.

ராஜாத்தி தலைப்பாகையை அவிழ்த்து மடித்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பொண்ணுங்க போயி நிக்கிறதுக்கு முன்ன, அண்ணன் தம்பி இல்லாதவளுக்கும் இல்லன்னுதான இருந்துச்சி. கேட்டாங்க, மாறிச்சி. அவங்க அவங்களுக்குக் கேட்டாங்க. உனுக்கு நீதான் கேக்கணும்."

"கேட்டா பொறந்த வூடு இல்லன்னுட்டாருங்க அண்ணன். பொண்ணு வயசுக்கு வந்துட்டா. அடுத்த மாசம் மஞ்சத்தண்ணி. தாய்மாமன் சீரு இல்லாம எப்டிக்கா மேடையில உக்கார வெப்பேன்?"

மாமன் வராத சடங்கு எப்படி இருக்கும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

இதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"ஸ்டெல்லா, நீ கேக்கவே வாணாம்" என்றேன். "அந்த அஞ்சு பேரு கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்துச்சி. உனக்குச் சட்டத்துல ஏற்கெனவே இருக்குது. உங்க அப்பா கண்ண மூடின அன்னிக்கே மூணுல ஒரு பங்கு உன்னுது. திங்கக்கெழம கையெழுத்து கேக்கறது அத நீ குடுத்துடறதுக்கு. போடலன்னா அது உங்கிட்டயே இருக்கும்."

அவள் என்னை விழித்துப் பார்த்தாள். "உங்களுக்கு எப்டிக்கா தெரியும்?"

"உன் பத்திரத்த அடிச்சதே நான்தான்."

இருபத்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பாஸ்டரும் பார்த்தார். அவமானமாக இருந்தது, ஆனாலும் பல வருடமாகப் பல்லில் சிக்கியிருந்த ஏதோ ஒன்று வெளியே வந்தது போலவும் இருந்தது.

கலக்காத மண்

மூன்றாம் நாள் எல்லா மண்ணையும் ஒன்றாகக் கலந்து, விடுதி வாசலில் ஒரு நாவல் கன்று நடுவதாகத் திட்டம். கல்லறை மண், ரோஜா மண், செருப்பு மண் எல்லாம் குழிக்குள் போயின. ஸ்டெல்லா மட்டும் டப்பாவைத் திறக்கவில்லை.

"இது கலக்க வாணாங்க" என்றாள். "எடுத்த எடத்துலியே போட்டுட்றேன்."

எனக்கு உள்ளே பொசுக்கென்று போயிற்று. கையெழுத்துப் போட முடிவு செய்துவிட்டாள் என்று நினைத்தேன். கச்சிராயபாளையம் இறங்குகிற வரை பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வளைவுக்கு வளைவு டப்பாவை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் எதையும் கேட்கவில்லை. எனக்கே அது அதிசயம்.

திங்கட்கிழமை

பதினொரு மணிக்கு அண்ணன்கள் கடைக்கு வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் ஜவுளிக்கடைப் பை. பின்னால் ஸ்டெல்லா. என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் ஜெராக்ஸ் கொடுக்கிற சாக்கில் அவர்கள் பின்னாலேயே ஆபீசுக்குள் போய் நின்றுகொண்டேன்.

அதிகாரி பத்திரத்தைப் புரட்டினார். தலையைத் தூக்காமலே, "எழுதிக் குடுக்கறது நீங்கதானேம்மா? சம்மதத்தோடதானே குடுக்கறீங்க?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற கேள்வி. பதிலுக்குக் காத்திருக்காமல் போட்டோ எடுக்க கேமராவைத் திருப்பினார்.

"இல்லிங்க" என்றாள் ஸ்டெல்லா.

சத்தமாகத்தான் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பத்திரத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். எனக்கோ துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. கையில் இருந்த ஜெராக்ஸ் எல்லாம் கசங்கிவிட்டது.

அப்புறம் நடந்ததை மறைக்கக் கூடாது. பெரிய அண்ணன் எங்கள் கடைக்கு வந்து கத்தினார். முதலாளி என்னிடம் கத்தினார். மஞ்சள் நீராட்டுக்குப் பெரிய மாமன் வரவில்லை. இருந்தும் மேடை காலியாக இல்லை. நாங்கள் முகாம் பெண்கள் பதினேழு பேர், ராஜாத்தி தலைமையில், ஆளுக்கொரு தட்டு வரிசையோடு மூங்கில்துறைப்பட்டுக்குப் பஸ் ஏறினோம். சின்ன மாமன் சாப்பாட்டுப் பந்தி முடிகிற நேரத்தில் வந்தார், தனியாக. அவர் கையில் இருந்தது அதே ஜவுளிக்கடைப் பை. ஸ்டெல்லா அப்போதுதான் அழுதாள்.

பாகப்பிரிவினைப் பத்திரமும் நான்தான் அடித்தேன், ஏழெட்டு மாதம் கழித்து. பெரியவர் கையெழுத்துப் போட்டார். தங்கையோடு பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

இப்போது விடுதலைப் பத்திரம் அடிக்கக் கொடுத்தால், எழுதிக் கொடுக்கிற பெண்ணைக் கூப்பிட்டு முழுசாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பிரின்ட் கொடுப்பேன். முக்கால்வாசிப் பேர் கேட்டுவிட்டும் போடுகிறார்கள். அது அவர்கள் இஷ்டம். முதலாளி முணுமுணுப்பார்.

அதற்கு அடுத்த முகாமுக்கு நான் சூடு கண்ட பூனையாக, நோட்டீசில் பழையபடி பிடி அரிசி என்றே போட்டேன். பூ படம் இல்லை. மலையில் அதே ஹால், அதே வெள்ளைத் துணி. ஒவ்வொருவராக அரிசிப் பொட்டலத்தை மேசையில் வைத்துக்கொண்டே வந்தார்கள். ஸ்டெல்லாவின் முறை வந்ததும் அதே டிபன் டப்பாவை எடுத்தாள். திறந்தால் உள்ளே அரிசி இல்லை. செடியிலிருந்து ஆய்ந்தபடியே கொண்டு வந்த பச்சை மல்லாட்டை, தோல் உரிக்காத வேர்க்கடலை.

"அரிசின்னுதானே போட்டிருந்தேன்" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"அந்த நெலத்துல அரிசி வெளையாதுங்க்கா. மானாவாரி."

"அண்ணன் பாத்தாரா?"

"பாத்தாரு. வரப்புல நின்னுகினு இருந்தாரு. நான் அவரு எதுருக்கவே புடுங்கினேன்."

டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். மல்லாட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்த செம்மண் வெள்ளைத் துணி முழுக்க உதிர்ந்தது. நான் துடைக்கக் கையை நீட்டினேன். ராஜாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.